தேசிமரத்தடியில் தோண்டியது

சூனியம் எடுக்கவென்று மண் கிண்டிய வீட்டு வளவுகளில் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பசுவுக்குப் பால் வற்றினாலும், தோணி கவிழ்ந்தாலும், ஒருத்தி சிரிப்பை மறந்தாலும், யார் செய்தது என்றுதான் நாம் முதலில் கேட்போம். என்ன நடந்தது என்று கேட்பதெல்லாம் பிறகுதான், கேட்டால்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க இன்னும் கூச்சம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்த வருடம் என் மகளுக்குப் பெண் குழந்தை கிடைத்தது. சில கிழமைகள் போனபின் மகள் ஒரு மாதிரியானாள். பிள்ளை அழுதால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தலை சீவவில்லை. எது கேட்டாலும் "ம்" என்றாள். என் மனைவி என் காதுக்குள் சொன்னாள்: "அவன்ட தாய் பால் ஊற எண்டு பாற்சுறா மீன் சமைச்சுக் கொண்டந்து குடுத்தாவே, அதத் திண்ட நாள்ல இருந்துதான் இப்பிடி." மருமகனின் தாய் நல்ல மனிசி. இருந்தும் அவர் அடுத்த முறை வந்தபோது நான் அவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சட்டிக்கு மேல் அந்தக் கை போகிறது, எதைத் தொடுகிறது என்று. அப்படிப் பார்க்கும்போதே எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுவதும் இப்படித்தான் ஒருத்தியின் கையைப் பார்த்தோம்.

பிள்ளையை நிறுக்க வந்த மிஸ்ஸி, அதாவது அரசாங்க மருத்துவிச்சி, மகளிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டு, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கிருந்த டொக்டர் சின்ன வயதுப் பெண். இதற்குப் பெயர் மனச்சோர்வு என்றார். பிள்ளை பெற்றவுடன் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, அது தானாகப் போய்விடும், போகாமல் கிழமைக்கணக்கில் தங்கினால்தான் அது நோய் என்றார். பிள்ளை பெறாத பெண்களுக்கும் ஆண்களுக்கும்கூட இது வேறு வேறு மாதிரி வருமாம். சிலருக்கு ஒரேயடியாக ஆளைப் படுக்கையில் போடும். சிலருக்கு விடாத உட்காய்ச்சல் போல வருடக்கணக்கில் கூடவே இருக்கும். சிலர் ஒரு காலம் இப்படிக் கிடந்து, இன்னொரு காலம் அளவுக்கு மிஞ்சிய துடிப்போடு நித்திரையில்லாமல் ஓடித் திரிவார்களாம். "அதுக்கு மருந்து வேற ஐயா. அதாலதான் இவ்வளவு கேள்வி கேக்கிறன்," என்றார்.

பிறகு கேட்டார்: "உங்கட குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி வந்திருக்கா?"

மனைவி "இல்ல" என்றாள். நான் "என்ட அம்மாக்கு வந்த" என்றேன்.

மனைவி என்னை வேற்றாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "உங்கட அம்மாக்குப் பேய் புடிச்ச எண்டுதானே கலியாணம் பேசக்குள்ள செல்லித் தந்தாங்க?"

"அப்பிடித்தான் எல்லாருக்கும் செல்லி வெச்சிருந்த," என்றேன்.

மகள் இப்போது தேறி வருகிறாள். நேற்று என் மீன்குழம்பில் புளி காணாது என்று முகத்தைச் சுளித்தாள். நான் எழுத வந்தது அம்மாவைப் பற்றி.

எங்கள் வளவு தேற்றாத்தீவுக்குக் கிட்ட, வாவிப் பக்கம். வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. நம் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளை வந்து சேருவார். அப்பா அப்படி வந்து சேர்ந்தவர், வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். அதே வளவின் பின்பக்கம் அம்மாவின் தங்கைக்கு, என் சின்னம்மாவுக்கு. அங்கே அத்திவாரம் மட்டும் போட்டுக் கிடந்தது. கலியாணம் ஆகாத சின்னம்மா எங்களோடு இருந்தாள். இதை ஞாபகத்தில் வையுங்கள். ஒரே வளவு, இரண்டு சகோதரிகள், ஒரு வீடு. சந்தேகப்பட விரும்புகிறவர்களுக்கு இதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

எனக்குத் தங்கச்சி பிறந்தபோது கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்தது. வாவி வற்றி, கரையோரம் பாசி காய்ந்து நாறும் காலம். வீட்டுக்குள்ளே பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு வறுக்கும் மணமும், தங்கச்சியின் ஏணைத் தொட்டிலுக்குக் கீழே போட்ட சாம்பிராணிப் புகையும். இன்றும் எங்காவது மல்லியும் மிளகும் வறுபட்டால், அந்த மணத்தோடு எனக்கு ஒரு பயமும் வரும்.

அம்மா அறையின் மூலையில் சாய்ந்தபடி இருப்பாள். பிள்ளையைக் கொண்டுபோய் மடியில் வைத்தால் பால் கொடுப்பாள். எடுத்தால் விடுவாள். ஒரு பொருளை வைத்து எடுப்பது போல. முந்தி அம்மா கதைக்கிறவள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் மூன்று வீடு தாண்டிக் கதைப்பாள். அவள் குரல் கேட்காமல் போனதும், வளவுக்குள் தென்னோலை அடிபடுவது எவ்வளவு சத்தம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பாவின் அக்கா, என் மாமி, உதவிக்கென்று வந்து தங்கினா. மாமி கெட்டவ இல்லை. ஆனால் எதையும் நேராகப் பார்க்க மாட்டா. தயிர் உறையாவிட்டாலும் யார் வந்து போனது என்று யோசிக்கிறவ.

"என்ன கா மச்சாள், ஒழும்பு. ஒழும்பி முகத்தக் கழுவு. ஊரில ஒருத்தரும் பெறாததையா நீ பெத்துப் போட்டாய்?"

அம்மா எழும்பவில்லை.

"சோம்பல் இல்ல இது," என்று மாமி அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "எனக்கு வேற மாதிரி ஒரு யோசின போகுது தம்பி. அவக்குச் சோறு போடுற ஆரு? தண்ணி வாக்கிற ஆரு? அந்த அத்திவாரத்தப் பாத்துப் பாத்து மூச்சு விடுற ஆரு?"

எல்லாம் சின்னம்மாதான். பிள்ளையைக் குளிப்பாட்டியதும், அம்மாவின் குளிப்புக்கு இலை அவித்து வேதுத் தண்ணீர் வைத்ததும் அவள்தான். வேலை செய்த கைதானே எல்லாப் பாத்திரத்திலும் பட்டிருக்கும். மாமி சொன்ன பிறகு நானும் அவள் போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அவள் கவனித்துவிட்டாள்.

"என்ன மனே, மீன் பழுதா?"

"இல்ல."

"அப்ப ஏன் நாய் மாதிரி மோந்து பாக்காய்? தின்னு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து என் சோற்றுக் கோப்பையில் போடுமுன் தானும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினாள். அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

நான் பள்ளிக்கூடம் போகாமல் விட்டதும் அப்போதுதான். ஏணை ஆட்ட ஆள் வேண்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும், சின்னம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று மாமி என்னை நிறுத்தினா. பிறகு யாரும் திரும்ப அனுப்பவில்லை.

அந்தக் காலத்து மிஸ்ஸி சைக்கிளில் வந்தால் மாமி வேலிப் படலையிலேயே மறித்துவிடுவா. "தாய் குளிக்கா," என்பா. பிள்ளையை மட்டும் வெளியே கொண்டுவந்து காட்டுவா. அம்மாவைக் கண்டால் பைத்தியம் என்று எழுதி, கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்பது மாமியின் நம்பிக்கை. மிஸ்ஸிக்கு வேறொரு சந்தேகம். ஒரு நாள் அப்பாவைப் பார்த்து நேராகவே கேட்டார்.

"எப்ப வந்தாலும் மனிசி குளிக்கிறா. நீ அடிச்சுக் கிடிச்சு உள்ள வெச்சிருக்கியா?"

மாமி முந்திக்கொண்டா. "இவனா? இவன் அடிக்கிற ஆளில்ல மிஸ்ஸி. சின்னனில இருந்து எனக்கிட்ட அடி வாங்கின ஆள்."

மிஸ்ஸி சிரிக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு வலையின் ஈயக் குண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தபின் மாமி பரிசாரியைக் கூட்டி வந்தா. நாடி பிடித்து மருந்தும் கொடுப்பார், மந்திரமும் பார்ப்பார். வெற்றிலையில் மை பூசி வெகுநேரம் பார்த்தார். சூனியம் வளவுக்குள்ளேயே மண்ணுக்குள் கிடக்கிறது, இரத்த உரித்துள்ள கைதான் தாட்டது, புளிப்பு மரத்தடியைப் பாருங்கள் என்றார். எங்கள் வளவில் புளிப்பு என்றால் கிணற்றடியில் நிற்கும் தேசிமரம்தான், எலுமிச்சை. மருத்துவிச்சி தொப்புள்கொடி தாட்ட இடமும், பூனை செத்தால் புதைத்த இடமும் எல்லாம் அந்தப் பக்கம்தான். எந்த வளவைத் தோண்டினாலும் ஏதாவது வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாதான் மண்வெட்டி பிடித்தார். வேலிக்கு வெளியே அயல் சனம் நின்றது. சின்னம்மா தங்கச்சியைத் தோளில் போட்டபடி நின்றாள். மண் காய்ந்து கல்லாக இருந்தது. கொஞ்சம் ஆழம் போனதும் துணி தெரிந்தது. ரோசாப்பூப் போட்ட துணி. சின்னம்மாவின் பழைய பாவாடைத் துணி. எல்லோருக்கும் தெரிந்த துணி.

வேலிக்கு வெளியே நின்றவர்கள் சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா குந்தியிருந்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மண் நிறம் ஏறிய ஒரு சின்ன நீலச் சட்டை. ஒரு கறுப்புமணி வளையல், பிறந்த பிள்ளைக்குக் கண்ணூறுக்குக் கட்டுகிற அளவு. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். வெகுநேரம் இருந்தார். பிறகு பரிசாரியிடம் கொடுத்துவிட்டு, வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளைட சட்டைய வெச்சுத்தான் கட்டியிருக்கு," என்றார் பரிசாரி. "தாயப் பிள்ளைல ஒட்டாம வெட்டுற கட்டு."

சின்னம்மா முன்னுக்கு வந்தாள். "அது நான் அக்காக்குக் குடுத்த துண்டு. முந்தின பிள்ளைக்கு ஈரம் துடைக்கக் குடுத்த துண்டு. அக்காட்டக் கேளுங்க."

"கதைக்காத ஆளக் கேக்கச் செல்றாய். கெட்டிக்காரிதான் கா நீ," என்றா மாமி, தங்கச்சியை அவள் தோளிலிருந்து பறித்தபடி.

முந்தின பிள்ளை என்று அவள் சொன்னது என் தம்பியை. எனக்கும் தங்கச்சிக்கும் இடையில் பிறந்து, சில கிழமைகள் இருந்து, காய்ச்சலில் மூச்சுமுட்டி இறந்தவன். அவனுக்குப் பிறகு வீட்டில் அவனைப் பற்றிக் கதை இல்லை. அம்மாவை அழவும் விடவில்லை. அழுதால் அடுத்தது தங்காது என்றார்கள். மகளுக்கு மருந்து எழுதிய டொக்டர், யாருக்கு இந்த நோய் வர வாய்ப்புக் கூட என்று சொல்லும்போது, முன்னம் ஒரு பிள்ளையை இழந்தவர்கள், குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தவர்கள், வீட்டில் சண்டையோ தனிமையோ இருப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அந்தத் தேசிமரம்தான் கண்ணுக்குள் நின்றது.

மத்தியானம் சின்னம்மா உடுப்புப் பையோடு படலையைத் தாண்டினாள். டவுனில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அவளைப் போகச் சொன்னது மாமி. நில் என்று சொல்ல வேண்டியவர் அப்பா.

பரிசாரி சூனியம் போகக் கழிப்புக் கழித்தார். கோழி, பூசணிக்காய், தேசிக்காய், புகை. அம்மாவுக்கு வேப்பங்குழையால் அடி. கட்டு அறுந்துவிட்டது, இனிச் சுகம்தான் என்றார். அம்மா இன்னும் மெலிந்தாள். சின்னம்மா இல்லாததால் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் பாலம் மாதிரி இருந்த ஒரு ஆளும் இல்லாமல் போனது.

ஒரு பின்னேரம், வெயில் சாயும் நேரம், அறையில் அம்மாவைக் காணவில்லை. நான் வாவிக்கரைக்கு ஓடினேன். அம்மா தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றாள். மேலும் நடந்துகொண்டிருந்தாள், அவசரமில்லாமல். நான் கத்திய கத்தில் தூரத்தில் நின்ற அப்பா தோணியை வளைத்துக்கொண்டு வந்தார். அவளைப் பிடித்துத் தோணிக்குள் ஏற்றியபோது அம்மா திமிறவில்லை. கரையில் இருத்தியதும் அவள் வாய் திறந்தாள். அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

"அத அவள் தாட்டதில்ல. நான்தான் தாட்டன். மூத்தவன்ட தம்பிட சட்டை. அவன்ட வளையல். வெச்சிருக்க ஏலாமக் கிடந்த, எரிக்கவும் ஏலாமக் கிடந்த. அதான் தாட்டன்."

மாமி நெஞ்சில் கை வைத்தா. "இது அவட குரலே இல்ல! செஞ்சவளக் காப்பாத்தப் பேய் கதைக்கிது, பாரு!"

எவ்வளவு நாளுக்குப் பிறகு ஒரு மனிசி உண்மையைச் சொல்கிறாள். அதைச் சொன்னது அவள் இல்லை என்று ஆக்கிவிட்டோம். இப்போது மகளின் டொக்டர் எனக்குச் சொல்லித் தந்தார்: சாகவேண்டும் போல இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால் பாரம் குறையும், கேட்டுவிட்டு ஆளைத் தனியே விடாமல் கூட்டி வாருங்கள் என்று. அன்றைக்கு அம்மாவை யாரும் கேட்கவில்லை. பேயைத்தான் கேட்டார்கள்.

ஆனால் அப்பா பயந்துவிட்டார். அடுத்தமுறை மிஸ்ஸி வந்தபோது, "தாய் குளிக்கா" என்று மாமி தொடங்க, அப்பா படலையைத் திறந்துவிட்டார். மிஸ்ஸி அறைக்குள் போய் அம்மாவின் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். முதலில் கையையும் முதுகையும் அடிகாயம் தேடிப் பார்த்தார். பிறகு சும்மா இருந்தார். வெளியே வந்து, "இவவ ஒருத்தரும் தொடப்படாது. நாளைக்கு பஸ்ஸில என்னோட வாறா," என்றார்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு அப்போது மாதத்தில் ஒரு நாள் வெளியூரிலிருந்து ஒரு டொக்டர் வருவார். குளிசை கொடுத்தார். உடனே வேலை செய்யாது, சில கிழமை எடுக்கும், சுகம் என்று நினைத்து நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். மாமிக்கு அந்தக் குளிசையில் பெரிய சந்தேகம். உடனே வேலை செய்யாத மருந்து எதற்கு, இது மெல்ல மெல்லக் கொல்லுகிறது என்று. ஒரு குளிசையைத் தூளாக்கிச் சோற்றில் பிசைந்து கோழிக்குப் போட்டா. நாள் முழுக்க அதன் பின்னாலேயே திரிந்தா. கோழி கொஞ்சம் நித்திரை கொண்டது. அடுத்த நாள் முட்டை இட்டது. மாமி அந்த முட்டையையும் சாப்பிடவில்லை, எறிந்துவிட்டா. ஆனால் அதற்குப் பிறகு குளிசை நேரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது மாமிதான்.

மருந்து மட்டும் இல்லை. கிளினிக்கில் ஒரு நேர்ஸ் அம்மாவைத் தனியே இருத்திக் கதைக்க விடுவார். தம்பியைப் பற்றி அம்மா முதல்முறை வாய்விட்டு அழுதது அங்கேதான் என்று பிறகு அறிந்தேன். அந்த நோய் அம்மாவின் வாழ்நாளில் திரும்பவும் வந்தது. வந்தபோதெல்லாம் அவள் தானே பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். பேரப்பிள்ளைகளைத் திட்டித் திட்டி வளர்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள்.

கிளினிக் நாளில் சின்னம்மா வருவாள். டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். எங்கள் வளவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டவள், கிளினிக்கின் நீள மரவாங்கிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருப்பாள். தங்கச்சியை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொள்வாள். அப்பா உள்ளே வருவதில்லை. ஆஸ்பத்திரிக் கேற்றடியில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார்.

ஆட்கள் என்னிடம் கேட்பதுண்டு, அம்மா சுகமாகிறாள் என்று எப்போது தெரிந்தது என்று. சிரித்தபோது என்று எதிர்பார்ப்பார்கள். இல்லை. அம்மாவுக்குச் சந்தேகம் வந்தபோது. அதுவரை அவளுக்கு எதையும் சந்தேகிக்கக்கூட உடம்பில் தெம்பு இருக்கவில்லை.

ஒரு கிளினிக் நாள், வாங்கிலில் இருந்தவள் திடீரென்று எழும்பி அப்பா நின்ற கேற்றடிக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

"அந்த நீலச் சட்டை உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா சைக்கிள் மணியைப் பார்த்தார். "எந்தச் சட்டை?"

"தேசிமரத்தடியில உங்கட கையால எடுத்த சட்டை. காத்தான்குடிக் கடையில உங்கட கையால வாங்கிக் கொண்டந்த சட்டை."

கேற்றடியில் கடலை விற்றவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்பா சைக்கிளை மதிலில் சாத்தினார்.

"தெரியும்."

"என்ட தங்கச்சி பையத் தூக்கிட்டுப் போகக்குள்ளயும் தெரியுமா?"

"ஓம்."

அம்மா வாங்கிலுக்குத் திரும்பி நடந்தாள். அப்பா பின்னாலேயே வந்தார். முதல்முறையாக உள்ளே வந்தார். வாங்கிலுக்கு முன்னால் வந்து நின்று, அம்மாவுக்கா சின்னம்மாவுக்கா என்று தெரியாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பேய் எண்டாக் கழிச்சு விடலாம் எண்டு நினைச்சன். ஆரும் செஞ்சது எண்டா எடுத்துப் போடலாம். ஒருத்தரும் செய்யல்ல, அவக்குள்ளயே கிடக்கு எண்டா, நான் என்ன செய்யிற? எனக்குத் தெரியல்ல."

"அதுக்கு நானா அத்தான் கிடைச்ச?" என்றாள் சின்னம்மா.

உள்ளேயிருந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா மருந்து எடுக்கும் வரிசைக்குப் போனாள். அவள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அப்பா அந்த இடத்தைப் பார்த்தார். சின்னம்மா தன் கைப்பையை மடியிலிருந்து எடுத்து அங்கே வைத்தாள்.

அம்மா திரும்பி வரும்வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார்.